கண்ணாடி அறியாத கணக்கு

ஓடுகளத்திலே பயின்று இறுகிய ஓர் இளம்பெண்ணின் தேகத்தைக் காண்பவர்கள், ஆரோக்கியத்தின் இலக்கணம் இதுதான் என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்வது இயல்பு. சதை மிகாத கால்களையும், ஒட்டிய வயிற்றையும், இளைப்பறியாத மூச்சையும் கண்டபின், அவளுடைய எலும்புகளைப் பற்றி ஐயுறுவதற்கு எவருக்கும் காரணம் தோன்றாது. ஆயினும் 1984ஆம் ஆண்டில், பார்பரா டிரிங்க்வாட்டர் என்னும் அமெரிக்க உடலியல் அறிஞரும் அவருடைய சகாக்களும், மாதவிலக்கு நின்றுபோயிருந்த 14 வீராங்கனைகளையும், அது முறை தவறாமல் நிகழ்ந்துவந்த வேறு 14 வீராங்கனைகளையும் அருகருகே வைத்து, அவர்களுடைய முதுகெலும்பின் கீழ்ப்பகுதி எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்று அளந்து பார்த்தார்கள். முதற் கூட்டத்தாரின் சராசரி வயது ஏறத்தாழ 25. அவர்களுடைய முதுகெலும்பின் அடர்த்தியோ, 51 வயதான மாதர்க்கு உரியதாய் இருந்தது.

புறத்தே யௌவனம், அகத்தே மூப்பு என்னும் இந்த முரண்பாடு எங்ஙனம் நேர்ந்தது? அந்தப் பெண்கள் நோயாளிகள் அல்லர். சோம்பித் திரிந்தவர்களும் அல்லர். மற்றவர்கள் உறங்கும் வேளையிலே எழுந்து ஓடியவர்கள். மற்றவர்கள் உண்ணும் வேளையிலே வாயைக் கட்டியவர்கள். அவர்களுடைய ஒழுக்கத்தை உலகம் பாராட்டியது. அந்த ஒழுக்கத்தின் ஒரு பகுதியே அவர்களுடைய எலும்பை அரித்தது. விளையாட்டிலும் நடனத்திலும் ஈடுபட்ட பெண்கள்மீது, 'இன்னும் மெலிய வேண்டும்' என்று உலகம் சுமத்தும் நெருக்கடியைப் பற்றி இரக்கத்தோடு பேசுவோர் பலர் உண்டு. அந்த இரக்கத்துக்கு அடியிலே உடலியலின் திட்டமான ஒரு கணக்கும் இருக்கிறது என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மெலிவு எப்போதும் கலையின் இலட்சணமாய் இருந்ததில்லை. அதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1832ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து மேடையிலே மரீ டாக்லியோனி என்ற நர்த்தகி, 'லா சில்பீட்' என்னும் பாலே நாட்டியத்தில், கால்விரல் நுனியிலே நின்று, காற்றில் மிதக்கும் ஒரு வனதேவதையாகத் தோன்றினாள். பூமியின் ஈர்ப்புக்குக் கட்டுப்படாத, சரீரமே இல்லாதது போன்ற ஒரு பெண்ணுருவம் அன்றுமுதல் பாலே கலையின் கனவாக அமைந்தது. இருபதாம் நூற்றாண்டிலே, நியூயார்க் நகரில் ஜார்ஜ் பாலன்சின் அமைத்த நாட்டியங்களின் வழியாக, நீண்ட கால்களும் சிறிய தலையும் மிக மெலிந்த உடலும் கொண்ட உருவமே உத்தமமான நர்த்தகியின் உருவம் என்ற எண்ணம் உலகெங்கும் பரவலாயிற்று. அவருடைய குழுவிலே சிறுவயதில் ஆடிய கெல்ஸி கர்க்லண்ட், 1986இல் வெளியிட்ட தம் சுயசரிதையிலே, எலும்புகள் வெளியே தெரியவேண்டும் என்று தம் ஆசிரியர் விரும்பியதையும், அந்த விருப்பத்தை நிறைவேற்றப் போய்த் தாம் அநுபவித்த துன்பங்களையும் எழுதியிருக்கிறார். பாலே பயிலும் கூடத்திலே சுவர் முழுவதும் கண்ணாடி பதித்திருக்கும் என்பதையும் நாம் நினைத்துப் பார்க்கவேண்டும். எட்டு வயதிலே அந்தக் கூடத்துக்குள் நுழையும் ஒரு சிறுமி, இருபது வயதிலே வெளிவரும்வரை, நாள்தோறும் பல மணி நேரம், இறுகப் பிடித்த ஆடையிலே தன் பிம்பத்தையும் பக்கத்தில் நிற்பவளின் பிம்பத்தையும் ஒப்பிட்டுக்கொண்டே வளர்கிறாள்.

ஜிம்னாஸ்டிக்ஸ் என்னும் உடற்பயிற்சி வித்தையிலும் இத்தகைய மாறுதல் ஒன்று நிகழ்ந்தது. 1968இல் மெக்ஸிகோ ஒலிம்பிக் பந்தயத்திலே ஒட்டுமொத்தப் பிரிவில் தங்கம் வென்ற செக்கோஸ்லோவாகியாவின் வேரா சாஸ்லாவ்ஸ்கா 26 வயது நிரம்பியவர்; முழுமையாக வளர்ந்த ஸ்திரீ. எட்டே ஆண்டுகள் கழித்து மாண்ட்ரீல் நகரில், ருமேனியாவின் நாடியா கொமனேச்சி என்ற 14 வயதுச் சிறுமி, குறையே சொல்ல முடியாத பத்து மதிப்பெண்ணைப் பெற்றபோது, உலகத்தின் கண் சிறுமியரை நோக்கித் திரும்பியது. இதிலே பௌதிக சாஸ்திரத்தின் நியாயமும் ஓரளவு உண்டு என்பதை மறைக்கவேண்டியதில்லை. குள்ளமான, ஒடுங்கிய உருவம் தன் அச்சைச் சுற்றி எளிதில் சுழலும். உயரமும் அகலமும் கூடக் கூடச் சுழற்றுவதற்கு வேண்டிய விசையும் கூடும். நெடுந்தூர ஓட்டத்திலும், சுமக்கவேண்டிய எடை குறைந்தால் செலவிடும் பிராணவாயு குறையும். இந்தச் சிறிய நியாயத்தைப் பற்றிக்கொண்டுதான், மெலிவுக்கு எல்லையே இல்லை என்ற பெரிய அநியாயம் வளர்ந்தது. எடை சற்றே குறைந்தபோது ஓட்டம் சற்றே விரைந்ததைக் கண்ட ஒரு பயிற்சியாளர், மேலும் குறைந்தால் மேலும் விரையும் என்று கருதிவிடுகிறார். வளைந்துகொண்டே சென்று ஓரிடத்தில் கீழ்நோக்கி இறங்கும் கோட்டினை நேர்கோடு என்று மயங்கிவிடுகிறார்.

அந்த மயக்கத்துக்குப் பலியானவர்களுள் ஒருத்தி கிறிஸ்டி ஹென்ரிக். அமெரிக்க நாட்டின் மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த இந்தப் பெண், 1989இல் நடந்த உலகப் போட்டியிலே ஏற்றத்தாழ்வுக் கம்பிகளின் பிரிவில் நான்காம் இடம் பெற்றவள். அதற்கு முந்திய ஆண்டு, வெளிநாட்டுப் போட்டி ஒன்றிலே, எடையைக் குறைத்தால்தான் ஒலிம்பிக் குழுவில் இடம் கிடைக்கும் என்று நடுவர் ஒருவர் அவளிடம் சொன்னாராம். அந்தச் சொல் ஒன்றே அவளைக் கொன்றது என்று கூறுவது முறையன்று. உணவை வெறுக்கச் செய்யும் மனநோய்க்குக் காரணங்கள் பல. ஆயினும், வறண்ட காட்டிலே விழுந்த தீப்பொறிபோல அந்தச் சொல் விழுந்தது. 1994 ஜூலை மாதம், உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலற்று, 22ஆம் வயதில் அவள் இறந்தாள்.

இவளுடையது தனிப்பட்ட ஒருத்தியின் விதி என்று தள்ளிவிடுவதற்கும் இல்லை. நார்வே நாட்டின் முன்னணி விளையாட்டு வீரர்களையும் வீராங்கனைகளையும் ஆராய்ந்து 2004இல் வெளியான ஒரு விரிவான ஆய்விலே, அழகுக்கும் மதிப்பெண் உண்டு என்னும் விளையாட்டுகளில் ஈடுபட்ட பெண்களுள் 42 சதவீதத்தினர் உணவு தொடர்பான கோளாற்றுக்கு ஏதோ ஒரு படியில் ஆளாகியிருந்தனர். பந்து விளையாட்டுகளில் ஈடுபட்ட பெண்களிடையே அந்த அளவு 16 சதவீதம். இரு சாராரும் பெண்களே. இரு சாராரும் கடுமையாக உழைப்பவர்களே. ஒருத்தி எத்தனை முறை பந்தை வலைக்குள் செலுத்தினாள் என்று பார்ப்பதற்கும், ஒருத்தி எப்படித் தோன்றுகிறாள் என்று பார்ப்பதற்கும் இடையே உள்ள பேதம் இந்த எண்களிலே பெரிதும் தெரிகிறது.

இனி, உடலின் உள்ளே நிகழ்வது என்ன என்பதைக் காண்போம். கடும்பயிற்சி செய்யும் பெண்களுக்கு மாதவிலக்கு ஏன் நின்றுபோகிறது என்ற கேள்விக்கு, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோஸ் ஃபிரிஷ் 1970களிலே ஒரு விடை கூறினார். கருவைச் சுமந்து வளர்ப்பதற்கு வேண்டிய கொழுப்பு பெண்ணின் உடலிலே ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கிவிட்டால், இயற்கை அந்தக் கதவைத் தற்காலிகமாக அடைத்துவிடுகிறது என்பது அவருடைய கொள்கை. கொள்கை எளிமையானது, நெடுங்காலம் பலரால் ஏற்கப்பட்டது. ஆனால் 1980இல், நியூயார்க்கைச் சேர்ந்த மிஷெல் வாரன் என்ற மருத்துவர், பாலே பயிலும் இளம்பெண்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, அந்தக் கொள்கைக்குள் அடங்காத ஒன்றைக் கண்டார். அந்தப் பெண்கள் பூப்பெய்திய சராசரி வயது 15ஐத் தாண்டியிருந்தது. காலிலே அடிபட்டு ஒருத்தி சில மாதங்கள் ஆடாமல் ஓய்ந்திருக்க நேர்ந்தபோதோ, அவளுடைய எடையிலே சொல்லத்தக்க மாறுதல் இல்லாதிருந்தும், பூப்பு நிகழ்ந்தது. நின்றிருந்த மாதவிலக்குத் திரும்பியது. மறுபடியும் ஆடத் தொடங்கியதும் அது மறுபடியும் நின்றது. கொழுப்பின் அளவே காரணமாயின், எடை மாறாதபோது இது எப்படி நிகழும்?

அப்படியானால் பயிற்சியின் சிரமம்தான் காரணமா என்று அடுத்த ஐயம் எழுந்தது. அதைத் தீர்த்தவர் ஒஹாயோ பல்கலைக்கழகத்தின் ஆன் லவுக்ஸ். 1998இல் வெளியான அவருடைய பரீட்சையின் நுட்பம் எவரும் புரிந்துகொள்ளக் கூடியது. பயிற்சி செய்த பெண்களுக்கு, அதிலே செலவான சக்தியை ஈடுசெய்யும்படி நிறைய உணவளித்தபோது, அவர்களுடைய சுரப்பிகள் வழக்கம்போலவே இயங்கின. உணவைக் குறைத்தபோதுதான் இயக்கம் குலைந்தது. ஆகவே குற்றவாளி உழைப்பு அன்று. உழைப்புக்கு ஏற்ற உணவு இன்மையே என்பது நிரூபணமாயிற்று. 2003இல் அவர் செய்த மற்றொரு பரீட்சையிலே, உணவிலிருந்து கிடைத்த சக்தியில் பயிற்சிக்குச் செலவானதைக் கழித்து, எஞ்சியதைப் பல அளவுகளில் அமைத்துப் பார்த்தார். கொழுப்பு நீங்கிய உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு, நாள் ஒன்றுக்கு, 30 கலோரிக்குக் கீழே அந்த எச்சம் இறங்கியதும், ஐந்தே நாள்களில் மூளையின் கட்டளை தடுமாறத் தொடங்கியது. ஐந்து நாள்களில் எந்தக் கண்ணாடியும் ஒரு மாறுதலையும் காட்டிவிடாது என்பதைக் கருதும்போதுதான் இந்த முடிவின் பொருள் நன்கு விளங்கும்.

ஓர் உதாரணத்தால் இதைத் தெளிவாக்கலாம். 50 கிலோ எடையுள்ள ஒரு நர்த்தகியின் உடலிலே 10 கிலோ கொழுப்பு என்று வைத்துக்கொண்டால், எஞ்சிய 40 கிலோ தசையும் எலும்பும் உறுப்புகளும் ஆகும். அவள் நாள்தோறும் 2,000 கலோரிக்கு உண்கிறாள். அது ஒரு பெண்ணுக்குப் போதுமான உணவு என்றே வீட்டில் உள்ளவர்கள் நினைப்பார்கள். ஆட்டத்திலே 800 கலோரி செலவாகிவிட்டால், மிச்சம் 1,200. அதை நாற்பதால் வகுத்தால் 30, அபாயத்தின் விளிம்பு. உடல் தாராளமாக இயங்குவதற்கு வேண்டிய அளவு ஏறத்தாழ 45 என்று கொள்ளப்படுகிறது. அதை எட்ட அவள் 2,600 கலோரிக்கு உண்ணவேண்டும். முப்பது என்பது எல்லாப் பெண்களுக்கும் ஒரே இடத்தில் நிற்கும் மதிற்சுவர் அன்று. சிலர் அதற்கு மேலேயே தளர்வார்கள், சிலர் கீழேயும் தாங்குவார்கள். ஆனால் கணக்கின் முறை எல்லோருக்கும் ஒன்றே. குறைவாக உண்ணவேண்டும் என்று நினையாதவள்கூட, ஆட்டம் கூடியபோது உணவைக் கூட்ட மறந்தாலே இந்தப் பள்ளத்தில் விழுந்துவிடுவாள்.

இந்தக் கணக்கை உடலிலே எழுதிவைப்பது யார்? மூளையின் அடிப்புறத்திலே ஹைப்போதலாமஸ் என்னும் சிறு பகுதி உண்டு. அது, நாடித் துடிப்புப்போல இடைவெளிவிட்டு ஓர் இரசாயனத் தூதினைப் பிட்யூட்டரி சுரப்பிக்கு அனுப்ப, அச்சுரப்பி சூலகத்துக்குக் கட்டளையிட, சூலகம் ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது. உடலிலே சேமிப்பும் வருவாயும் எவ்வளவு என்பதை இரத்தத்தின் வழியே வரும் பல செய்திகளால் ஹைப்போதலாமஸ் அறிகிறது. 1994இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்திலே ஜெஃப்ரி ஃபிரீட்மனும் அவருடைய சகாக்களும் கண்டறிந்த லெப்டின் என்னும் சுரப்பு அத்தகைய செய்திகளுள் ஒன்று. கொழுப்பின் உயிரணுக்களிலிருந்து புறப்படும் அது, உணவு குறைந்த சில நாள்களிலேயே வெகுவாகக் குறைந்துவிடும். வருவாய் சுருங்கிய குடும்பத்தில் தலைவி முதலில் திருவிழாச் செலவையும் வீட்டுக்கு வெள்ளையடிக்கும் செலவையும் நிறுத்தி, அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்வதுபோல, மூளையும் இதயத்தையும் சுவாசத்தையும் காப்பாற்றுவதற்காக, இன்று நிறுத்தினாலும் இன்று உயிர் போகாத செலவுகளை நிறுத்துகிறது. மாதவிலக்கு நிற்கிறது, உடலின் வெப்பத்தையும் வேகத்தையும் நிர்ணயிக்கும் தைராய்டின் சுரப்புக் குறைகிறது, எலும்பின் கட்டுமானம் தளர்கிறது.

இவற்றுள் எலும்பின் நஷ்டமே மிகக் கொடியது. ஏனெனில் அதற்குப் பருவம் உண்டு. நம் எலும்பு உயிரற்ற தூண் அன்று. பழைய எலும்பை அரித்தெடுக்கும் அணுக்களும் புதிய எலும்பைக் கட்டும் அணுக்களும் அதற்குள்ளே ஓயாமல் வேலை செய்கின்றன. அரிப்பவை மிஞ்சிவிடாதபடி தடுக்கும் காவல், ஈஸ்ட்ரோஜனின் காவல். ஒரு பெண் தன் வாழ்நாளிலே பெறக்கூடிய எலும்புச் செல்வத்தில் சுமார் 90 சதவீதம் 18 வயதளவிலேயே சேர்ந்துவிடுகிறது. நர்த்தகியும் வீராங்கனையும் மிகக் கடுமையாகப் பயில்வதும், மிகக் கடுமையாக வாயைக் கட்டுவதும் அதே பருவத்தில்தான். விதைக்கும் காலத்திலே வித்தைச் சமைத்து உண்டுவிட்ட உழவனின் நிலை அது. 1986இல் வாரனும் அவருடைய சகாக்களும், தொழில்முறைக் குழுக்களிலே ஆடும் 75 பாலே நர்த்தகிகளை ஆராய்ந்தபோது, அவர்களுள் 61 சதவீதத்தினருக்கு எலும்பு முறிவு ஏற்பட்டிருந்ததையும், ஏறத்தாழ நான்கில் ஒருத்திக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்ததையும் கண்டார்கள். பூப்புத் தாமதமானவர்களிடமே இவை மிகுந்திருந்தன. மாதவிலக்குத் திரும்பிய வீராங்கனைகளை மறுபடியும் பரிசோதித்த டிரிங்க்வாட்டர், எலும்பின் அடர்த்தி ஓரளவு கூடியதைக் கண்டு மகிழ்ந்தார்; ஆனால் இழந்தது முழுவதும் திரும்பவில்லை.

இவ்வளவும் கேட்ட பிறகும், 'துன்பமின்றி வெற்றி ஏது? பதக்கத்துக்காக இந்த விலையைக் கொடுக்க அவர்கள் இசைந்தால் நமக்கென்ன?' என்று கேட்பவர் இருக்கலாம். விலை கொடுத்தும் பண்டம் கிடைப்பதில்லை என்பதே அதற்கு விடை. 2014இல் வெளியான ஓர் ஆய்விலே, 15 முதல் 17 வயது வரையுள்ள முன்னணி நீச்சல் வீராங்கனைகளை 12 வாரங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். எல்லோரும் செய்தது ஒரே வகையான பயிற்சி. சூலகம் முறையாக இயங்கியவர்களின் வேகம் 8.2 சதவீதம் உயர்ந்தது. உணவு போதாமல் சூலகம் ஒடுங்கியிருந்தவர்களின் வேகமோ 9.8 சதவீதம் தாழ்ந்தது. பயிற்சி என்பது தசையை வருத்துவது மட்டுமன்று. வருந்திய தசை இரவிலே தன்னைத் திருத்திக்கொண்டு முன்னிலும் வலுவாக எழுவதே அதன் பயன். திருத்துவதற்குப் பொருள் இல்லாத இடத்திலே வருத்தம் மட்டுமே மிஞ்சும். 2013இல், 17 வயதிலே, மாஸ்கோவில் நடந்த உலகத் தடகளப் போட்டிக்கு அமெரிக்காவின் சார்பில் சென்று 1,500 மீட்டர் இறுதிப் பந்தயத்தில் ஓடிய மேரி கெய்ன், பின்னர் ஒரு புகழ்பெற்ற பயிற்சிக் குழுவிலே சேர்ந்தார். மெலியவேண்டும், இன்னும் மெலியவேண்டும் என்று தமக்கு ஓயாமல் சொல்லப்பட்டதாக 2019இல் அவர் வெளிப்படுத்தினார். மூன்று ஆண்டுகள் அவருக்கு மாதவிலக்கு இல்லை. ஐந்து எலும்புகள் முறிந்தன. ஓட்டம் விரையவும் இல்லை.

அறிஞர் உலகம் இதற்குப் பெயர் வைத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. உணவுக் குறை, மாதவிலக்குக் கோளாறு, எலும்பின் தேய்வு ஆகிய மூன்றையும் ஒரே சங்கிலியின் கண்ணிகளாகக் கண்டு, 'வீராங்கனையின் முந்நோய்' என்ற பொருள்படும் பெயரை அமெரிக்க மருத்துவர்கள் 1990களின் தொடக்கத்திலே வழங்கினார்கள். இந்தச் சக்திக் குறைவு இதயத்தையும், குடலையும், நோய் எதிர்ப்பையும், மனத்தையும் தாக்குவது என்றும், ஆண்களையும் விட்டுவைப்பதில்லை என்றும் உணர்ந்து, சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் அதை மேலும் விரிவான ஒரு பெயரால் வழங்கியது. இருந்தும், மாதவிலக்கு நின்றதைத் 'தொந்தரவு விட்டது' என்றும், 'கடுமையாக உழைக்கிறாள் என்பதற்கு அதுவே அடையாளம்' என்றும் கருதும் வழக்கம் பயிற்சிக்கூடங்களிலிருந்து இன்னும் முற்றிலும் நீங்கவில்லை. உடல் அடிக்கும் அபாய மணியை வெற்றி முரசு என்று கேட்பதைவிடப் பெரிய பேதைமை வேறு உண்டோ?

நம்முடைய பரதநாட்டிய மரபு இவ்விஷயத்திலே எண்ணிப் பார்க்கத்தக்கது. நர்த்தகிக்குரிய இலட்சணங்களை வகுக்கும் 'அபிநய தர்ப்பணம்' என்னும் வடமொழி நூலும் உருவ அழகைக் கேட்கத்தான் செய்கிறது. மிகப் பருத்தவளை விலக்குகிறது. ஆயினும் அதே பட்டியலிலே மிக மெலிந்தவளையும் அது விலக்குகிறது என்பது மறக்கத்தக்கதன்று. உருவத்தைப் பற்றிய இத்தகைய விதிகள் எவையாயினும், அவற்றை மீறி நின்ற பேருண்மை பாலசரஸ்வதி. 1918இல் பிறந்த அந்த அம்மையாரைச் சத்யஜித் ராய் 1976இல் திரைப்படமாக எடுத்தபோது, அவர் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். மெலிந்த தேகத்தினரும் அல்லர். இருந்தபோதிலும், அவர் கண்ணை உயர்த்தினால் எதிரே கண்ணன் நின்றான். கையை நீட்டினால் தாயின் ஏக்கம் தெரிந்தது. பார்ப்பவனின் நெஞ்சில் ரசத்தைப் பிறப்பிப்பதே நாட்டியத்தின் பயன் என்றால், அந்தப் பயனுக்கும் இடுப்பின் சுற்றளவுக்கும் சம்பந்தம் இல்லை என்பதற்கு அவரினும் சிறந்த சாட்சி வேண்டியதில்லை.

பரிகாரம் இல்லாத துன்பம் அன்று இது. நார்வேயிலே, விளையாட்டுக்கென்றே அமைந்த உயர்நிலைப் பள்ளிகளில் சிலவற்றைத் தேர்ந்து, உணவு, உடல், தன்மதிப்பு ஆகியவற்றைப் பற்றி மாணவர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் ஓராண்டுக் காலம் போதித்தார்கள். பின்னர்ப் பரிசோதித்தபோது, அந்தப் பள்ளிகளின் மாணவியருள் ஒருத்திக்குக்கூட உணவுக் கோளாறு புதிதாக ஏற்படவில்லை. போதனை பெறாத பள்ளிகளிலோ 13 சதவீத மாணவியர் அதற்கு ஆளாகியிருந்தனர். பிரிட்டனிலே, ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சியில் நடந்த கொடுமைகளை விசாரித்து 2022இல் ஓர் அறிக்கை வெளிவந்தபின், பயிற்சியாளர் கையிலிருந்த எடை பார்க்கும் உரிமை எடுக்கப்பட்டது. ஆடையைப் பற்றிய நெருக்கடியையும் பெண்களே எதிர்க்கத் தொடங்கினார்கள். 2021இல் ஜெர்மனியின் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனைகள், கணுக்கால் வரை மறைக்கும் உடையிலே டோக்கியோ ஒலிம்பிக்கில் தோன்றினார்கள். அதே ஆண்டு, நார்வேயின் கடற்கரை எறிபந்துக் குழுவினருக்கு, விதித்திருந்த சிற்றாடையை மறுத்துக் காற்சட்டை அணிந்ததற்காக 1,500 யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. சில மாதங்களில் அந்த விதியே மாற்றப்பட்டது. ஜிம்னாஸ்டிக்ஸ் களத்தின் சக்கரமும் மறுபடி திரும்பியிருக்கிறது. 2024இல் பாரிஸில் ஒட்டுமொத்தத் தங்கத்தை வென்ற சிமோன் பைல்ஸ் 27 வயதானவர். திரண்ட தசை வலிமையே அவருடைய வித்தையின் ஆதாரம்.

மருத்துவரிடம் செல்லும் வழி எல்லோருக்கும் அருகில் இல்லை; எலும்பின் அடர்த்தியை அளக்கும் கருவி எல்லா ஊரிலும் இல்லை. ஆனால் இந்தக் கணக்கைத் தொடங்குவதற்கு அவை வேண்டியதில்லை. மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்பதைக் கூச்சமின்றிச் சொல்ல ஒரு மாணவிக்கு இடமும், கூச்சமின்றிக் கேட்க அவள் ஆசிரியைக்குத் துணிவும் வாய்த்தால், முதல் அபாய மணி வீணாய் அடித்து ஓயாது. அதற்கும் முந்தியது மற்றொரு கேள்வி. நம் நாட்டில் வீட்டுக்கு வந்தவரை நலம் விசாரிக்கும்போதே, சாப்பிட்டாயிற்றா என்று கேட்பது நெடுநாள் வழக்கம். சலங்கை கட்ட வரும் சிறுமியையும் ஓடுகளத்துக்கு வரும் சிறுமியையும், எடை என்ன என்று கேட்காமல், 'சாப்பிட்டாயா, அம்மா?' என்று கேட்டு, இல்லையென்றால் உண்ணச் செய்து, அதற்குப் பிறகு பாடத்தைத் தொடங்கும் ஆசிரியர், லவுக்ஸின் பரீட்சையைப் படித்திராவிட்டாலும், அதன் சாரத்தைக் கைக்கொண்டவர் ஆவார்.